ஐந்தாண்டும் இருபத்தெட்டு நாளும்

இதயத்தைக் காக்க வேண்டுமா, கொழுப்பைக் குறையுங்கள் என்று மருத்துவ உலகம் ஏறக்குறைய ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அப்போது ஸ்பெயினில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு, குடும்பத்துக்கு வாரம் ஒரு லிட்டர் கணக்கில், எக்ஸ்ட்ரா வர்ஜின் ஆலிவ் எண்ணெய் இலவசமாகக் கொடுக்கப்பட்டது. வாங்கியவர்கள் எல்லாரும் 55 வயதைத் தாண்டியவர்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள், இல்லையென்றால் இரத்த அழுத்தம், புகைப்பழக்கம், உடல் பருமன் என்று குறைந்தது மூன்று அபாயங்களைச் சுமப்பவர்கள். எண்ணெயைத் தாராளமாக ஊற்றிக்கொள்ளுங்கள் என்பதுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்டது. இன்னொரு கூட்டத்துக்குத் தினம் 30 கிராம் கொட்டைப் பருப்பு: பாதி வால்நட், மீதியில் பாதாமும் ஹேசல்நட்டும். மூன்றாவது கூட்டத்துக்குக் கொழுப்பைக் குறைக்கச் சொல்லி அறிவுரை. இந்த ஆய்வின் பெயர் ப்ரெடிமெட். மொத்தம் 7,447 பேர், சராசரியாக ஐந்தாண்டுக்குச் சற்றுக் குறைந்த காலம்.

இதற்கு நேர் எதிர்க் கோடியில் இருப்பது அமெரிக்காவில், மேரிலாந்து மாநிலத்தின் பெதஸ்டாவில் உள்ள தேசிய சுகாதார நிறுவனத்தின் மருத்துவமனையில் கெவின் ஹால் நடத்திய சோதனை. அதில் கலந்துகொண்டவர்கள் வெறும் 20 பேர், பத்து ஆண்கள், பத்துப் பெண்கள். சராசரி வயது 31. நோய் என்று எதுவும் இல்லை. 28 நாட்கள் மருத்துவமனையிலேயே தங்கினார்கள். அதில் இரண்டு வாரம் தொழிற்சாலையில் மிகையாகப் பதப்படுத்தப்பட்ட உணவு மட்டும், இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவு மட்டும். எது முதலில் என்பது குலுக்கலில் முடிவானது. 2019இல் 'செல் மெட்டபாலிசம்' இதழில் முடிவு வெளியானது.

ஒப்பிடத் தகாத இரண்டை ஒப்பிடுவதாகத் தோன்றலாம். ஒன்றில் ஆயிரக்கணக்கான முதியவர்கள் தங்கள் வீட்டில், தங்கள் அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டார்கள். இன்னொன்றில் கல்யாணப் பந்தியின் ஒரு வரிசையைக்கூட நிரப்பாத எண்ணிக்கையில் இளைஞர்கள், வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தைத் தராசுக்குக் கொடுத்தார்கள். ஆனாலும் கடந்த இருபதாண்டுகளின் உணவாராய்ச்சியில் இந்த இரண்டைத்தான் சேர்த்து வைத்துப் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். இரண்டுமே ஒரே நம்பிக்கையை இரு பக்கத்திலிருந்து இடித்தவை. உணவு என்பது அதில் உள்ள சத்துக்களின் கூட்டுத்தொகை. கொழுப்பு இத்தனை கிராம், சர்க்கரை இத்தனை கிராம் என்று எழுதிவிட்டால் அது உடலில் செய்யப்போவது தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை அது. பொட்டலத்தின் பின்புறம் அச்சாகும் பட்டியல் முதல் மருத்துவமனைச் சுவரில் தொங்கும் உணவு அட்டவணை வரை அதன்மேல்தான் நிற்கின்றன.

ப்ரெடிமெட் அதை இடித்த விதம் எளிது. கொழுப்பைக் குறைக்கச் சொன்ன கூட்டத்தைவிட, கொழுப்பை அள்ளிக் கொடுத்த இரண்டு கூட்டங்களும் நன்றாக இருந்தன. மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் ஆகிய மூன்றையும் சேர்த்து எண்ணினார்கள். மொத்தம் 288 நிகழ்வுகள். எண்ணெய்க் குழுவில் 96, கொட்டைக் குழுவில் 83, ஒப்பீட்டுக் குழுவில் 109. கூட்டங்கள் ஏறத்தாழ ஒரே அளவானவை என்பதால் இந்த எண்களை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2013இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தபோது உலகெங்கும் செய்தித்தாள்கள் போட்ட தலைப்பு, இதய ஆபத்து 30 சதவீதம் குறைகிறது என்பது. பொய் இல்லை. ஆனால் அதையே வேறு விதமாகச் சொன்னால், ஒப்பீட்டுக் குழுவில் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 11 பேர் பாதிக்கப்பட்டார்கள், மற்ற இரண்டிலும் 8 பேர். ஆயிரத்துக்கு மூன்று. அதுவும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் தெளிவாகக் குறைந்தது பக்கவாதம் மட்டுமே. மாரடைப்பில் உறுதியான வேறுபாடு இல்லை. எல்லாக் காரணங்களாலும் ஏற்பட்ட மொத்த மரணத்திலும் இல்லை. எண்ணெய் விற்பவர்களின் விளம்பரத்தில் இந்தப் பகுதி வந்து நான் பார்த்ததில்லை.

பெதஸ்டா சோதனை இடித்தது வேறு விதம், எனக்கு இன்னும் பிடித்த விதம். பிரேசிலின் சாவோ பாலோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோஸ் மொண்டேரோ 2009இல் ஒரு புதிய பாகுபாட்டை முன்வைத்தார். உணவைச் சத்தின்படி பிரிக்காமல், அது எவ்வளவு பதப்படுத்தப்பட்டது என்பதன்படி பிரிப்பது; பின்னால் நான்கு வகுப்புகளானது. நோவா என்று பெயர். ஹாலுக்கு அதில் நம்பிக்கை இல்லை. உப்பும் சர்க்கரையும் கொழுப்பும் சமமாக இருந்தால் பதப்படுத்தியதா இல்லையா என்பதில் என்ன இருக்கிறது என்று எண்ணியவர் அவர். ஆகவே அதைத்தான் சோதித்தார். இரண்டு வகை உணவிலும் மேசைக்கு வரும் கலோரி, சர்க்கரை, உப்பு, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாவற்றையும் சமப்படுத்தினார். ஒரு பக்கம் சர்க்கரை பூசிய சீரியலும் மஃபினும், டப்பாவில் அடைத்த ரவியோலியும். மறுபக்கம் தயிர், பழம், வால்நட், மீன், காய்கறி. தேவைக்கு இரு மடங்கு உணவு வைக்கப்பட்டது. வேண்டுமளவு சாப்பிடலாம், வேண்டாததை விடலாம். எடையைப் பற்றிய ஆய்வு என்றும் சொல்லவில்லை. உடல் பருப்பது தெரியாதபடி தொளதொளவென்று உடை. தினமும் எடை பார்த்தாலும் எண்ணைக் காட்டவில்லை.

பதப்படுத்திய உணவு கிடைத்த இரண்டு வாரத்தில் அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். எடை 0.9 கிலோ கூடியது. மற்ற இரண்டு வாரத்தில் 0.9 கிலோ குறைந்தது. ருசியில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை என்று அவர்களே மதிப்பெண் போட்டிருந்தார்கள். பட்டியல் சமம், ருசி சமம், வயிறு மட்டும் வேறு கணக்குப் போட்டது.

யார் பக்கம் நம்பகம் அதிகம்? இங்கேதான் இரண்டு ஆய்வுகளும் ஒன்றையொன்று கேள்வி கேட்கத் தொடங்குகின்றன. ப்ரெடிமெட்டில் ஒருவர் உண்மையில் என்ன சாப்பிட்டார் என்பதை அறிய 14 கேள்விகள் கொண்ட ஒரு தாளும், உணவுப் பழக்கம் பற்றிய நீண்ட விசாரிப்பும் இருந்தன. வாரத்துக்கு எத்தனை முறை மீன், தினம் எத்தனை கரண்டி எண்ணெய் என்ற மாதிரி. மனிதர்கள் தாங்கள் சாப்பிட்டதைத் தாங்களே சொல்லும்போது அதில் பாதி ஞாபகம், பாதி ஆசை. ஆய்வாளர்களுக்கும் இது தெரியாமல் இல்லை. அதனால் ஒரு பகுதியினரின் சிறுநீரிலும் இரத்தத்திலும் ஆலிவ் எண்ணெயின், வால்நட்டின் தடயங்களைத் தேடிச் சரிபார்த்தார்கள். இலவசமாகக் கொடுத்த பொருள் வயிற்றுக்குள் போனது என்பது வரை உறுதி. மீதிச் சாப்பாடு எப்படி இருந்தது என்பது அவர்கள் சொன்னதுதான். பெதஸ்டாவில் இந்தப் பிரச்சினையே எழவில்லை. தட்டு போகும்போது எவ்வளவு, திரும்பி வரும்போது எவ்வளவு என்று கிராம் கணக்கில் எழுதப்பட்டது. வாரத்தில் ஒரு நாள், மூச்சுக்காற்றை அளந்து உடல் எவ்வளவு ஆற்றலைச் செலவிடுகிறது என்று கணக்கிடும் அறைக்குள் அவர்கள் இருந்தார்கள்.

ஒப்பீட்டுக் குழுவின் கதை இன்னும் சங்கடமானது. ப்ரெடிமெட்டின் மூன்றாவது கூட்டம் கொழுப்பைக் குறைக்க வேண்டியது. குறைக்கவில்லை. உணவில் கொழுப்பின் பங்கு 39 சதவீதத்திலிருந்து 37க்கு வந்தது, அவ்வளவே. ஸ்பெயினில் எண்ணெயில்லாமல் சமைக்கச் சொன்னால் யார் கேட்பார்கள்? போதாததற்கு, முதல் சில ஆண்டுகள் அவர்களுக்குக் கிடைத்தது ஆண்டுக்கொருமுறை ஒரு துண்டுப்பிரசுரம். மற்ற இரண்டு கூட்டங்களுக்கோ உணவு ஆலோசகருடன் மூன்று மாதத்துக்கு ஒரு சந்திப்பு. இந்த ஏற்றத்தாழ்வை 2006இல்தான் சரிசெய்தார்கள். ஆகவே ப்ரெடிமெட் மத்தியதரைக்கடல் உணவையும் கொழுப்பு குறைந்த உணவையும் ஒப்பிட்டது என்று சொல்வது சரியல்ல. எண்ணெயும் கொட்டையும் அக்கறையான கவனிப்பும் கிடைத்தவர்களை, அவை கிடைக்காத அதே ஊர்க்காரர்களோடு ஒப்பிட்டது என்பதே நேர்மையான விவரணை.

அதைவிடப் பெரிய அடி 2017இல் விழுந்தது. ஜான் கார்லைல் என்ற ஆங்கிலேய மயக்க மருந்து நிபுணர், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகளின் தொடக்க அட்டவணைகளை எடுத்து, உண்மையான குலுக்கலில் இப்படிப்பட்ட எண்கள் வர வாய்ப்புண்டா என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். வாய்ப்பு குறைவு என்று அவர் சுட்டியவற்றில் ப்ரெடிமெட்டும் இருந்தது. ஆய்வாளர்களே திரும்பப் போய்த் தோண்டினார்கள். ஒரே குடும்பத்தில் இரண்டாவதாகச் சேர்ந்த 425 பேரைக் குலுக்கல் இல்லாமலே, முதலில் சேர்ந்தவரின் கூட்டத்தில் போட்டிருந்தார்கள். ஒரே வீட்டில் கணவருக்கு எண்ணெய், மனைவிக்குத் துண்டுப்பிரசுரம் என்று எப்படிக் கொடுப்பது? ஒரு மையத்தில் இன்னும் மோசம். பக்கத்து வீட்டுக்கு இலவச எண்ணெய், எனக்கு வெறும் பருப்பா, ஏதோ ஒரு சின்னப் பரிசா என்று கிராமத்தினர் முணுமுணுத்திருக்கிறார்கள். அங்கிருந்த ஆய்வாளர் ஊருக்கு ஒரே கூட்டம் என்று பிரித்துக் கொடுத்துவிட்டார்; தலைமைக்குச் சொல்லவும் இல்லை. எனக்கு அந்த மனிதர்மேல் கோபம் வரவில்லை. கிராமத்தில் ரேஷன் பங்கீடு செய்து பார்த்த யாருக்கும் அவர் நிலைமை புரியும். ஆனால் புள்ளியியல் அதை மன்னிக்காது.

2018 ஜூனில் பழைய கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அன்றே திருத்திய கட்டுரை அதே இதழில் வெளிவந்தது. குளறுபடிக்கு உள்ளான ஏறத்தாழ 1,600 பேரைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் எண்கள் பெரிதாக நகரவில்லை. 30 சதவீதம் அதே இடத்தில்தான் நின்றது. மாறியது வாக்கியத்தின் தொனி. உணவு ஆபத்தைக் குறைத்தது என்று காரணம் சொன்ன இடத்தில், இந்தக் குழுவினரிடம் நிகழ்வுகள் குறைவாக இருந்தன என்று பின்வாங்கி எழுதினார்கள்.

பெதஸ்டா சோதனையில் இந்த வகைக் குழப்பத்துக்கே இடமில்லை. இருபது பேரும் தங்களுக்குத் தாங்களே ஒப்பீட்டுக் குழு. ஒவ்வொருவரும் இரண்டு உணவையும் சாப்பிட்டவர். காரணத்தை நிறுவுவதில் இதைவிடத் தூய்மையான அமைப்பு உணவாராய்ச்சியில் அபூர்வம். ஆனால் அந்தத் தூய்மைக்குக் கொடுத்த விலை என்ன? இரண்டு வாரம். இரண்டு வாரத்தில் யாருக்கும் மாரடைப்பு வந்ததா என்று எண்ண முடியாது. அந்தக் கூடுதல் 500 கலோரி மூன்றாம் மாதமும் தொடருமா, உடல் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளுமா என்பதும் அதிலிருந்து கிடைக்காது. எதிரே இருப்பவர் தட்டைப் பார்த்துக் கூடவோ குறையவோ சாப்பிடும் மனிதப் பழக்கம், கடைக்குப் போகும் அலுப்பு, மாதக் கடைசியின் கையிருப்பு ஆகிய எதற்கும் அந்த மருத்துவமனையில் வேலை இல்லை.

இன்னொரு குறையும் உண்டு, இது அதிகம் பேசப்படாதது. பதப்படுத்திய உணவில் நார்ச்சத்து குறைவு. இரண்டையும் சமப்படுத்த, நார்ச்சத்துப் பொடியைப் பானத்தில் கரைத்துக் கொடுத்தார்கள். காகிதத்தில் கணக்கு நேராகிவிட்டது. ஆனால் பானத்தை விலக்கிவிட்டு மெல்லும் உணவை மட்டும் பார்த்தால், பதப்படுத்திய தட்டில் ஒவ்வொரு கிராமிலும் ஏறத்தாழ இரு மடங்கு கலோரி இருந்தது. அவர்கள் வேகமாகவும் சாப்பிட்டார்கள். மென்மையான உணவு பற்களுக்கு வேலை வைக்காமல் இறங்கிவிடுகிறது. நிறைந்துவிட்டது என்று வயிறு சொல்லி அனுப்புவதற்குள் தட்டு காலி. அதோடு புரதம். இரண்டு காலகட்டத்திலும் அவர்கள் சாப்பிட்ட புரதத்தின் அளவு மாறவே இல்லை. கூடியதெல்லாம் மாவும் கொழுப்பும். பதப்படுத்திய உணவில் புரதத்தின் விகிதம் சற்றுக் குறைவு என்பதால், தேவையான புரதம் கிடைக்கும்வரை உடல் சாப்பிட வைக்கிறது என்று ஒரு விளக்கம் உண்டு. அதிகபட்சம் பாதிக் கூடுதலுக்கு அது காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். அப்படியானால் குற்றவாளி யார்? பதப்படுத்தலா, மென்மையா, கலோரிச் செறிவா, புரதக் குறைவா? சோதனை எத்தனை துல்லியமோ அத்தனை துல்லியமாக இந்தக் கேள்வியைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறது. டப்பாவில் வருவதெல்லாம் விஷம் என்று அதிலிருந்து முடிவெடுப்பவர்கள், ஆலிவ் எண்ணெயை மருந்தாக்கியவர்கள் செய்த அதே தவறைச் செய்கிறார்கள்.

என் தராசில் ஹாலின் எண்மீது எனக்கு நம்பிக்கை அதிகம். ஆனால் எனக்குத் தேவைப்படும் பதில் ப்ரெடிமெட் கேட்ட கேள்விக்கானது. அறுபது வயதில் ஒருவருக்குப் பக்கவாதம் வருமா வராதா என்பதுதான் வீட்டில் முக்கியம், இரண்டு வாரத்தில் கூடிய முக்கால், ஒரு கிலோ அல்ல. முக்கியமான கேள்வியைக் கேட்ட ஆய்வு கலங்கலாகவும், தெளிவான ஆய்வு சிறிய கேள்வியோடும் நிற்பது இந்தத் துறையின் தற்செயல் இல்லை. ஐந்தாண்டு யாரையும் மருத்துவமனையில் வைத்துச் சோறு போட முடியாது. வெளியே விட்டால் பக்கத்து வீட்டு எண்ணெய்க் குப்பி ஆய்வுக்குள் வந்துவிடும்.

இரண்டுக்கும் நடுவில் நிற்க முயன்ற ஆய்வு ஒன்று 2025 ஆகஸ்டில் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்தது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்தவர்கள் 55 பேருக்கு, அவர்கள் வீட்டுக்கே உணவை அனுப்பிவைத்தார்கள். எட்டு வாரம் பதப்படுத்திய உணவு, எட்டு வாரம் குறைவாகப் பதப்படுத்தியது. ஹால் செய்யாத ஒன்றை இவர்கள் செய்தார்கள்: இரண்டு உணவுமே பிரிட்டன் அரசின் சத்துணவு வழிகாட்டிக்கு உட்பட்டிருந்தன. விளைவு, இரண்டிலும் எடை குறைந்தது. பதப்படுத்தியதில் சுமார் 1 சதவீதம், மற்றதில் சுமார் 2 சதவீதம். சத்துப் பட்டியலைக் கவனமாகப் பின்பற்றினால் பொட்டல உணவிலும் எடை கூடாமல் இருக்கலாம் என்பதை இது காட்டுகிறது. இரண்டும் ஒரே வழிகாட்டிக்கு உட்பட்டிருந்தும், குறைவாகப் பதப்படுத்தியதில் எடைக் குறைவு இரு மடங்கு இருந்தது என்பதையும் காட்டுகிறது. பட்டியல் நம்பிக்கையை முழுக்கத் தூக்கி எறிய வேண்டாம், முழுக்க நம்பவும் வேண்டாம் என்ற இடத்துக்கு நாம் வந்து சேர்கிறோம். தலைப்புச் செய்திக்கு உதவாத இடம்.

நம் ஊருக்கு இவை எப்படிப் பொருந்தும்? ப்ரெடிமெட்டின் கொட்டைப் பருப்பு யோசனையைச் சென்னையில் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முந்திரியை வைத்துச் சோதித்திருக்கிறது. சர்க்கரை நோயாளிகள் 300 பேர், 12 வாரம், முந்திரிக் குழுவுக்குத் தினம் 30 கிராம். எச்டிஎல் என்ற நல்ல கொழுப்பு கூடியது, மேல் இரத்த அழுத்தம் குறைந்தது, எடை கூடவில்லை. முந்திரியைக் கண்டால் பயப்படும் நோயாளிகளுக்கு இது நல்ல செய்தி. ஆனாலும் இது இரத்தப் பரிசோதனை எண்களின் ஆய்வு; பக்கவாதத்தை எண்ணும் அளவுக்கு நீண்டதல்ல. அதே நிறுவனம் முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின்படி இந்தியர்களின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது; தெற்கில் அது பெரும்பாலும் வெள்ளை அரிசி. ஸ்பெயின்காரரின் தட்டில் 39 சதவீதம் கொழுப்பு என்றால், நம் தட்டில் கதையே வேறு. வெள்ளை அரிசி தொழிற்சாலைப் பொட்டலம் அல்ல. நோவா கணக்கில் அது முதல் வகுப்பு, குற்றமற்றது. சர்க்கரை நோயாளியின் உடல் அப்படிச் சொல்லாது. மொண்டேரோவின் பாகுபாட்டைச் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ அப்படியே இறக்குமதி செய்பவர்கள் இந்த ஓட்டையைக் கவனிக்க வேண்டும்.

கடைசியாக, இரண்டு ஆய்வுகளும் ஒத்துப்போகும் ஒரு விஷயம். இரண்டிலும் சோதிக்கப்பட்ட உணவுப் பொருளுக்குக் கலந்துகொண்டவர்கள் காசு கொடுக்கவில்லை. ப்ரெடிமெட்டின் எண்ணெயை ஸ்பெயின் நிறுவனங்கள் நன்கொடையாகத் தந்தன, வால்நட் கலிபோர்னியா வால்நட் கமிஷன் தந்தது. ஹாலின் கட்டுரையிலேயே ஒரு விலைக் கணக்கு இருக்கிறது. தினம் 2,000 கலோரி என்று வைத்துக்கொண்டால் பதப்படுத்திய உணவுக்கு வாரம் 106 டாலர், பதப்படுத்தாததற்கு 151 டாலர். பொருள் விலை மட்டும். நறுக்கிச் சமைத்த மருத்துவமனை ஊழியர்களின் நேரம் அதில் சேரவில்லை. இத்தாலியின் மொலிசே வட்டாரத்தில் ஏறத்தாழ 19,000 பேரைத் தொடர்ந்து கவனித்த மொலி-சானி ஆய்வு 2017இல் சொன்னதை இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். மத்தியதரைக்கடல் உணவை ஒரே அளவுக்குப் பின்பற்றியதாக மதிப்பெண் பெற்றவர்களிலும், இதய நோய் குறைந்தது படிப்போ வருமானமோ அதிகமுள்ளவர்களிடம் மட்டுமே. மதிப்பெண் ஒன்றானாலும் வசதியானவர்கள் அதிக வகைக் காய்கறிகளையும் பழங்களையும், முழுதானியங்களையும் சாப்பிட்டிருந்தார்கள். இதய நோயையே முடிவாக வைத்து, பதப்படுத்தாத உணவை ஐந்தாண்டு சோதிக்க இனி யாராவது துணிந்தால், மளிகைச் செலவை யார் ஏற்பது, அடுப்படியில் யார் நிற்பது என்ற இரண்டையும் முதலில் தீர்த்துக்கொண்டுதான் குலுக்கல் சீட்டை எடுக்க முடியும்.